அனுப்புநர் முகவரி

ஹபீபுர் ரஹ்மான் கேட்டவுடனே சரி என்று சொல்லிவிடுவார். அதுதான் அதீபாவுக்குப் பயமாக இருந்தது.

அவள் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். சென்னையில் சில நூறு வீடுகளில் அந்த நிறுவனம் வீட்டுக்கொரு சின்னப் பெட்டியை வைத்திருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வீட்டு மோடத்தில் சொருகிவிட்டால் போதும். இணையம் எவ்வளவு வேகமாக வருகிறது, எப்போது அறுந்துபோகிறது, மழை பிடித்தால் எந்தப் பேட்டையில் முதலில் நிற்கிறது என்று தானாகவே அளந்து அனுப்பிக்கொண்டிருக்கும். பெட்டியை வைத்துக்கொள்பவர்களுக்குக் கூலி கிடையாது, இஷ்டப்பட்டவர்கள் வைத்துக்கொண்டார்கள். வேளச்சேரி அடுக்குமாடிகளில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகள் அவர்களாகவே கேட்டு வாங்கிப் போனார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, தேனாம்பேட்டை சந்துகளில் இருந்தவை அதீபா வீடு வீடாகப் படியேறிப் பேசி வைத்தவை. ஹபீபுர் ரஹ்மானின் வீடும் அப்படித்தான். அவள் பேசி முடிக்கும் முன்பே, "வெச்சுட்டுப் போம்மா, ஒரு பிளக்கு இடம்தானே" என்றவர் அவர்.

இப்போது அதே பெட்டிகளைக் கொண்டு வேறொரு சோதனை செய்யத் திட்டத் தலைவர் வைதேகி முடிவு செய்திருந்தார். வேகத்தை அளப்பது போன்ற சாதுவான சோதனை இல்லை. பாதுகாப்புச் சோதனை. வீட்டு இணைப்பிலிருந்து பொய்யான முகவரி போட்டுத் தகவல் பொட்டலங்களை அனுப்பிப் பார்க்க வேண்டும். இணைய நிறுவனம் அதைப் பிடித்துத் தடுக்கிறதா, கண்டுகொள்ளாமல் வெளியே விடுகிறதா என்று தெரிய வேண்டும். விடுகிறது என்றால், நாளைக்கு ஒரு கயவனும் அதே வழியில் முகத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரியின் கணினிகளை முடக்க முடியும். அவசியமான சோதனைதான். அதில் அதீபாவுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம், யாரைக் கேட்டுச் செய்வது என்பதில்.

"பழைய சம்மதக் கடிதத்துலயே 'மற்றும் தொடர்புடைய சோதனைகள்'னு ஒரு வரி இருக்கே" என்றார் வைதேகி.

"அது வேகம் பார்க்கறதுக்குன்னு சொல்லி வாங்கினது மேடம். வாய்ல ஒண்ணு சொல்லிட்டுத் தாள்ல இருக்கற இன்னொண்ணைக் காட்டினா நல்லா இருக்காது."

வைதேகி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கட்டுரை அனுப்பக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. "சரி, போய்க் கேளு. முடியாதுங்கறவாளை விட்டுடு. ஆனா சீக்கிரம்" என்றார்.

அப்படித்தான் அன்று மத்தியானம் அதீபா தேனாம்பேட்டைக்கு வந்தாள். அண்ணா சாலை இரைச்சல் எட்டும் தூரத்தில், ஒரு குறுகிய சந்தில் அந்த வீடு. கீழ்த்தளத்தில் பட்டறை. மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியைச் சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தார்கள். தி.நகர் கடைகளுக்கும், இப்போதெல்லாம் நேரடியாக வெளிநாட்டு மணப்பெண்களுக்கும் இங்கிருந்துதான் போகிறது. மாடியில் குடும்பம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா."

"வ அலைக்கும் ஸலாம். வாம்மா, ரொம்ப நாளாச்சு." ஹபீபுர் ரஹ்மான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். மாடிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். அவர் மனைவி ஜைதூன் பீ தேநீரோடு வந்தார். உள்ளறையில் மகன் வாஜித் யாரிடமோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். துபாயில் ஒரு மணப்பெண்ணின் தாயார் என்று ஜைதூன் பீ சொன்னார். கழுத்து வடிவத்தை நாலாம் முறையாக மாற்றுகிறார்களாம்.

அதீபா வந்த விஷயத்தைத் தொடங்கினாள். பாதியிலேயே ஹபீபுர் ரஹ்மான் கையை உயர்த்தினார்.

"நீ பார்த்துச் செஞ்சா சரிதாம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

"இல்ல சாச்சா. முழுக்கக் கேட்டுட்டுச் சொல்லுங்க. வேணாம்னு சொன்னாலும் எனக்கு வருத்தம் கிடையாது."

"வேணாம்னு ஏன் சொல்லப் போறேன்?"

"கேட்டாதானே தெரியும்" என்றார் ஜைதூன் பீ. தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீ சொல்லும்மா."

அதீபா தபாலை வைத்து விளக்கினாள். "உங்க வீட்டிலிருந்து ஒரு கடிதம் போடறோம்னு வெச்சுக்குங்க சாச்சி. போய்ச் சேர்ற இடம் எங்க ஆபீஸ்தான். ஆனா அனுப்புநர் இடத்துல உங்க முகவரி இருக்காது. வேற ஏதோ ஒரு முகவரி. தபால்காரர் பார்த்து, 'இந்த வீட்டுல இருந்து வர்ற கடிதத்துல எப்படி அந்த வீட்டு முகவரி'ன்னு நிறுத்தறாரா, இல்ல பேசாம எடுத்துட்டுப் போறாரா. இதான் சோதனை."

ஜைதூன் பீ யோசித்தார். "அப்ப பொய் முகவரி எழுதறது எங்க வீட்டுல இருந்துதானே?"

"ஆமா."

"அதை யாராவது பார்த்தா?"

"இணையக் கம்பெனி பார்க்கலாம். அவங்க விதியில இது கூடாதுன்னுதான் இருக்கு. லைனை நிறுத்தவும் செய்யலாம். நாங்க பேசிச் சரிபண்ணுவோம். ஆனா நிறுத்தவே மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"போலீசு வருமா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அதீபாவுக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு வாஜித் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாஜித் காலையில் போய்ப் பெஞ்சில் உட்காருவான், இருட்டியதும் வருவான். பல நாள் அப்படி. கடைசியில் ஒன்றும் இல்லை என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அழைப்பு மணி அடித்தாலே அவன் முதலில் ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பான்.

"வராதுன்னுதான் நினைக்கறேன் சாச்சி. ஆனா சத்தியம் பண்ண முடியாது."

ஜைதூன் பீ கணவரைப் பார்த்தார். "அப்ப வேணாம்."

"ஜைதூன், அந்தப் பொண்ணு இவ்வளவு தூரம்..."

"வேணாம்னா வேணாம்ங்க. வேகம் பார்க்கறதுன்னா பார்க்கட்டும். பொய் முகவரி என் வீட்டுல இருந்து போக வேணாம்."

"சரி சாச்சி" என்றாள் அதீபா. அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. "உங்க பெட்டியில அந்தச் சோதனை ஓடாது. நான் பொறுப்பு."

போனை எடுத்து இந்த வீட்டின் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று பதிந்துகொண்டாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளறைக் கதவு திறந்தது.

"நெட் போச்சு" என்றான் வாஜித். "நடுவுல அப்படியே நின்னுடுச்சு. அந்தம்மா இப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்தாங்க."

மோடத்தைப் பார்த்தார்கள். எப்போதும் பச்சையாக எரியும் இடத்தில் சிவப்பு. வாஜித் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். சிவப்பு மாறவில்லை.

ஹபீபுர் ரஹ்மானின் போன் அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார். இணைய நிறுவனத்திலிருந்து ஒரு பெண்குரல், எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் பேசியது. அவருடைய இணைப்பிலிருந்து சந்தேகத்துக்கிடமான நடவடிக்கை தென்பட்டதால் சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையோடு இன்றைக்கே கிளை அலுவலகத்துக்கு வர வேண்டும்.

"இன்னா நடவடிக்கைம்மா? நாங்க ரவிக்கை தைக்கிறவங்க."

"அந்த விவரம் எங்களுக்குத் தெரியாது சார். பாதுகாப்புப் பிரிவில் இருந்து வந்திருக்கு."

அழைப்பு முடிந்தது. வாஜித் சுவரோரம் உட்கார்ந்து தன் போனை எடுத்தான். விரல் வேகமாக நகர்ந்தது.

அதீபா எழுந்தாள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தாள். அலுவலகத்தில் பெட்டிகளின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அசோகனைக் கூப்பிட்டாள்.

"அசோகன், புதுச் சோதனை எங்கயாவது ஓடிட்டிருக்கா?"

"வெள்ளோட்டம் ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சோம். மேடம்தான், எல்லாத்துலயும் விடறதுக்கு முன்னாடி கொஞ்சம் பெட்டியில பார்த்துடலாம்னாங்க. உன்கிட்டச் சொல்லலியா?"

"எந்தப் பெட்டிங்க?"

அவன் தயங்கினான். "பிரச்சனை பண்ணாதவங்க வீடா எடுக்கச் சொன்னாங்க. நம்ம மேல நம்பிக்கை இருக்கறவங்க. நீ முதல்ல வெச்சியே, அதெல்லாம்."

"தேனாம்பேட்டை, ஹபீபுர் ரஹ்மான்?"

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "இருக்கு."

"நிறுத்து."

"அது தானா கொஞ்ச நேரத்துல நின்னுடும்..."

"இப்ப நிறுத்து அசோகன். எல்லாத்தையும்."

அவன் நிறுத்திவிட்டதாகச் சொல்லும்வரை அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அடுத்து வைதேகியை அழைத்தாள். வைதேகிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. இரண்டு மூன்று இணைப்புகள் அறுந்திருக்கின்றன.

"நீ அவாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கம்பெனி மேலதிகாரிகிட்டப் பேசிண்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள லைன் வந்துடும். ஏதோ பழுதுன்னு நெனச்சுப்பா."

"சந்தேகத்துக்கிடமான நடவடிக்கைன்னு போன் பண்ணியிருக்காங்க மேடம். நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "பாரு அதீபா, இது நெறிமுறைக் குழுவுக்குப் போனா மொத்தத் திட்டமும் நின்னுடும். எத்தனை வருஷத்து வேலை. அதுல பாதி நீ பண்ணது. யோசிச்சுக்கோ."

அதீபா படிக்கட்டிலேயே நின்றாள். கீழே பட்டறையில் ஒருவன் எதற்கோ சிரித்தான். உள்ளே போய், 'ஏதோ பழுது, வந்துடும்' என்று சொன்னால் நம்புவார்கள். அவள் சொன்னால் நம்புவார்கள் என்பதால்தான் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவள் உள்ளே 'நான் பொறுப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பெட்டி அதைச் செய்துகொண்டிருந்தது.

உள்ளே போனாள். வாஜித் இன்னும் போனிலேயே குனிந்திருந்தான்.

"என்னடா பண்றே?" என்றார் தந்தை.

"அழிக்கறேன். குரூப்பு, போட்டோ, எல்லாத்தையும்."

"அழிக்காதே வாஜித்" என்றாள் அதீபா. "உன் போனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க பெட்டிதான். அந்தச் சோதனை இந்த வீட்டுல ஏற்கெனவே ஓடியிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும். உங்களைக் கேட்காம ஓட்டியிருக்காங்க."

ஜைதூன் பீ அவளையே பார்த்தார். "நான் வேணாம்னு சொன்னேனே."

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க சாச்சி."

"அப்ப என்னை எதுக்குக் கேட்டே?"

வாஜித் எழுந்து வந்தான். அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அதீபா தாங்கிக்கொண்டிருப்பாள்.

"உங்களுக்கு இது கட்டுரை. எனக்கு என்னன்னு தெரியுமா உங்களுக்கு? என் பேரு ஸ்டேஷன்ல ஏற்கெனவே இருக்கு. இப்ப இந்த வீட்டு நம்பரும் சேர்ந்து போகும். எவன் வந்து கேட்டாலும், பெட்டி பண்ணுச்சுன்னு சொன்னா நம்புவானா?"

"நான் கூட வர்றேன். நான் சொல்றேன்."

"நீங்க சொல்லி?"

"வாஜித்" என்றார் ஹபீபுர் ரஹ்மான். சட்டையை மாற்றிக்கொண்டு அடையாள அட்டையைப் பையில் வைத்தார். "முதல்ல போய்ப் பார்ப்போம்."

கிளை அலுவலகம் அண்ணா சாலையில், சிக்னலுக்குப் பக்கத்து மாடியில் இருந்தது. நடந்தே போய்விடலாம். மூவரும் வரிசையாக நடந்தார்கள். சாலையைக் கடக்கும்போது ஹபீபுர் ரஹ்மான் வழக்கம்போல அதீபாவுக்கு முன்னால் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார்.

கிளைப் பொறுப்பாளரின் பெயர் லாரன்ஸ். நாற்பது வயதிருக்கும். கோபக்காரர் இல்லை, ஆனால் அவசரத்தில் இருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பொய் முகவரியில இவ்வளவு பொட்டலம் போயிருக்கு. வழக்கமா வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர் பண்ற வேலை. இல்லேன்னா தெரிஞ்சே யாராவது பண்றது. ஆபீஸ் மூடும்போது இன்னிக்கு அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் யார் கேட்பாங்க, எங்க போகும்ங்கறது என் கையில இல்ல."

அதீபா தன் அடையாள அட்டையை நீட்டி நடந்ததைச் சொன்னாள். லாரன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆராய்ச்சியா. சரி. வாடிக்கையாளர் சம்மதம் குடுத்திருக்காரா?"

"இல்ல."

"அப்ப எழுதிக் குடுங்க."

ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். பெட்டி நிறுவனத்துடையது, சோதனை நிறுவனம் நடத்தியது, வீட்டாருக்குத் தெரியாது, அவர்கள் சம்மதம் பெறப்படவில்லை. தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். லாரன்ஸ் அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இது போதாதும்மா. நீங்க ஊழியர். நாளைக்கு உங்க நிறுவனம், 'அந்தப் பொண்ணு தானா ஏதோ பண்ணிடுச்சு'ன்னா நீங்க மாட்டிக்குவீங்க, இவரும் மாட்டிக்குவாரு. தலைவர் கையெழுத்து வேணும். மூடறதுக்குள்ள வந்தா, அறிக்கையில வாடிக்கையாளர் பேரை எடுத்துடுவேன்."

அதீபா அங்கேயே நின்றபடி வைதேகியை அழைத்தாள். எழுதிக் கொடுத்ததைக் கேட்டதும் வைதேகியின் குரல் இறுகியது.

"சம்மதம் இல்லாமன்னு எழுதினியா? ஏன் அப்படி எழுதினே?"

"அதானே மேடம் நடந்தது."

பிறகு வைதேகி நிதானமாகச் சொன்னார். "ஒண்ணு பண்ணு. உன் பையில சம்மதக் கடிதம் இருக்கும். அவர் நல்ல மனுஷர். நேத்து தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிடு. எல்லாருக்கும் சுமுகமா முடிஞ்சுடும். அனுமதியோட நடந்த ஆய்வுன்னு நானே கடிதம் அனுப்பிடறேன்."

கூடம் சின்னது. வைதேகியின் குரல் மற்றவர்களுக்கும் கேட்டது. ஹபீபுர் ரஹ்மான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"குடும்மா, போட்டுடறேன். முடிஞ்சா சரி."

"போடுங்க அத்தா" என்றான் வாஜித். "போட்டுட்டுப் போலாம்."

அதீபாவின் கை தானாகவே பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. லாரன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்து வாங்கினால் அரை மணியில் இணைப்பு வந்துவிடும். அவளுடைய வேலை பிழைக்கும். வாஜித் வீட்டுக்குப் போய்த் துபாய்க்காரரோடு மறுபடி பேசலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் சந்தோஷமாகப் போட்டுத் தருவார்.

"வேணாம் சாச்சா" என்றாள். "நீங்க போட்டீங்கன்னா, இது உங்களுக்குத் தெரிஞ்சு, உங்க இஷ்டத்துல நடந்ததுன்னு ஆயிடும். எப்பவாவது யாராவது இதைத் தோண்டினா, சம்மதம் குடுத்தவர்னு உங்க பேர்தான் முதல்ல நிக்கும். வாஜித், நீ சொன்னியே, உன் பேரோட வீட்டு நம்பரும் சேரும்னு. கையெழுத்துப் போட்டா நிஜமாவே சேர்ந்துடும்."

வாஜித் அவளைப் பார்த்தான். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அப்போதுதான் முகத்தைப் பார்த்தான்.

"போனைக் குடு" என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசினார். "அம்மா, நான் ஹபீபுர் ரஹ்மான். உங்க பெட்டியை வீட்டுல வெச்சிருக்கறவன். என் சம்சாரம் இன்னிக்கு வேணாம்னு சொன்னா. நான் போடறேன்னு சொன்னேன், அவதான் வேணாம்னா. இப்ப நேத்து தேதி போட்டா, அவ சொன்னதை நான் அழிச்ச மாதிரி ஆயிடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு யாராவது என் வீட்டுக் கதவைத் தட்டி, இது யாரு பண்ணதுன்னு கேட்டா நான் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லிக் குடுங்க. அதையே சொல்றேன்."

பதிலுக்காகக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். பிறகு போனை அதீபாவிடம் திருப்பிக் கொடுத்தார். "வெச்சுட்டாங்க போலிருக்கு."

அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் வந்து கட்டணத்தைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் துடைக்கத் தொடங்கினாள். லாரன்ஸ் இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மூன்றாம் தடவை, "இன்னும் கொஞ்சம் பார்க்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். ஜைதூன் பீயிடமிருந்து வாஜித்துக்கு அழைப்புமேல் அழைப்பு. "இங்கதான்மா இருக்கோம். ஒண்ணும் இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னான்.

கதவைத் துடைத்த பெண் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும்போது வைதேகி படியேறி வந்தார். அடையாறிலிருந்து ஆட்டோவில் வந்திருக்க வேண்டும். புடவை கசங்கியிருந்தது, முகம் வியர்த்திருந்தது. அதீபாவைப் பார்க்கவில்லை. லாரன்ஸின் மேசைமேல் இருந்த தாளை எடுத்து, அதீபா எழுதியதை வரிவரியாகப் படித்தார். 'அவர்கள் சம்மதம் பெறப்படவில்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு அதற்குக் கீழே, 'மேற்கண்டது உண்மை. சோதனைக்கு உத்தரவிட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கொண்டுவந்திருந்த முத்திரையைக் குத்தினார்.

லாரன்ஸ் திரையில் எதையோ மாற்றினார். "உங்க பேரை எடுத்தாச்சு சார். லைன் வந்துடும்."

வைதேகி ஹபீபுர் ரஹ்மான் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்லத் தொடங்கினாற்போல் இருந்தது. "நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

"ஆமாம்மா" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பியபோது மோடத்தில் பச்சை எரிந்தது. வாஜித் அந்தப் பெட்டியைக் கழற்றி, ஒயரைச் சுற்றி அதீபாவின் கையில் வைத்தான். "துபாய் அம்மா வேற இடம் பார்த்துக்கறேன்னுட்டாங்க" என்றான். குற்றம் சாட்டும் குரலாக இல்லை, தகவல்போலத்தான் சொன்னான். ஜைதூன் பீ உள்ளேயிருந்து வரவில்லை. அதீபா கதவருகே கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"அவளுக்குக் கொஞ்ச நாள் ஆகும்மா" என்றார் ஹபீபுர் ரஹ்மான். "நீ போ."

நெறிமுறைக் குழு அந்தச் சோதனையை நிறுத்தி வைத்தது. கட்டுரை அந்த வருஷம் போகவில்லை. வைதேகி அதீபாவோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதை விட்டுவிட்டார். ஆனால் வெள்ளோட்டம் நடந்த எல்லா வீடுகளுக்கும் கடிதம் அனுப்ப அசோகன் வரைவு எழுதிக் கொண்டுபோனபோது, அதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்து, "நேர்ல போய்ச் சொல்லுங்கோ" என்றாராம்.

அதீபாவும் அசோகனும் போனார்கள். முதலில் மந்தைவெளி. பொன்னுரங்கத்தின் வீடு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். அவர் ஓட்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடுபவர். அவர்களைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"இன்னா மேடம், ரிப்பேரா? நெட்டு ஷோக்காத்தான் கீது."

"ரிப்பேர் இல்லண்ணா. ஒரு விஷயம் சொல்லணும்."

அவருடைய இணைப்பு அறுபடவில்லை. யாரும் அவரை அழைக்கவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. அதீபா முதலிலிருந்து சொன்னாள். தபால், அனுப்புநர் முகவரி, பெட்டி. பொன்னுரங்கம் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். "நம்ம பேர்ல எவனும் கலாட்டா பண்ணலியே?" என்று ஒரு தடவை குறுக்கே கேட்டார். தேனாம்பேட்டை வீட்டில் நடந்ததை, பெயர் சொல்லாமல் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"அப்ப என் வூட்ல இருந்தும் போச்சு."

"ஆமா."

"எனக்கு ஒண்ணும் ஆவல. அது சரி. ஆனா என்னை ஏன் கேக்கல?"

அதீபா வாயைத் திறக்கும் முன் அசோகன் பேசினான்.

"கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவீங்களோன்னுதாண்ணா."

பொன்னுரங்கம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூலையில், தண்ணீர் கேன்களுக்கு மேலே இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். "அதுவரைக்கும் அதைக் கழட்டி வெய்யி."

அசோகன் கேன்களுக்கு நடுவே காலை வைத்து, எக்கி ஒயரைப் பிடுங்கினான்.